வினையும் வினைமுதலும்: உபநிடத நெறியும் புத்த நெறியும் பிரியுமிடம்

இந்து சமயம் என்னும் பொதுப்பெயரால் வழங்கும் வைதிக நெறிகளுக்கும் புத்த நெறிக்கும் உள்ள தொடர்பினைக் குறித்துக் கற்றாரிடையே இரண்டு கொள்கைகள் உலவுகின்றன. உபநிடதங்கள் கூறிய ஆன்மாவினையே புத்தர் வேறு சொற்களாற் கூறினார், பின்வந்த மாணாக்கரே அதனைத் திரித்து அநான்மவாதமாக்கினர் என்பது ஒன்று. புத்த நெறியாவது உயிருமில்லை, இறையுமில்லை, வீடும் பாழே என்னும் வெற்று இன்மைவாதம் என்பது மற்றொன்று. முன்னையது இருநெறியையும் ஒன்றாக்கி வேற்றுமையை மறைக்கின்றது. பின்னையது ஒரு நெறியைப் பாழாக்கி ஒற்றுமையை மறைக்கின்றது. இவ்விரண்டும் மூலநூல்களோடு பொருந்தாமையும், இருநெறிகளும் உண்மையிற் பிரியுமிடம் யாதென்பதும், அப்பிரிவினைச் சைவ சித்தாந்த நூல்கள், சிறப்பாகச் சிவஞான சித்தியார் பரபக்கம், எத்துணை நேர்மையோடு எடுத்து ஆராய்கின்றன என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற அளவுகோலொன்று சைவ மரபினகத்தே உண்டு. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்துச் சாக்கிய நாயனார் வரலாறே அது. திருச்சங்கமங்கையில் வேளாண் குடியிற் பிறந்த அவர், பிறவித் துன்பத்தினின்று நீங்கும் வழி நாடிக் காஞ்சி சென்று, புத்தத் துறவு பூண்டு அந்நெறி நூல்களைக் கற்றனர். கற்று ஆராய்ந்தவிடத்து, வினை, அதனைச் செய்யும் முதல், அதனால் வரும் பயன், அப்பயனைக் கூட்டும் தலைவன் என்னும் நான்கும் ஒருங்கே கொள்ளப்படுவது சிவநெறிக்கண்ணே என்று துணிந்தனர் என்பது புராணம் கூறுவது. இந்நான்கனுள் எவை எந்நெறியில் உள, எவை இல என்று வினவிச் செல்லின், பொதுவும் சிறப்பும் தாமே விளங்கும்.

தோற்றம்

இந்து என்னும் சொல் வேதத்துள் ஒரு சமயப் பெயராய் வந்ததன்று. சிந்து என்னும் ஆற்றுப்பெயர் பாரசீகர் நாவில் இந்துவாய்த் திரிந்து முதற்கண் நாட்டுப் பெயராயிற்று. அந்நாட்டவர் நெறிகளையெல்லாம் ஒருங்கு சுட்டும் பெயராயது நெடுங்காலத்துக்குப் பின்னரே. ஆகலின், இந்து சமயத்திற்கு ஒரு நிறுவுநரைத் தேடுதல் இயலாது. இருக்கு வேதப் பாடல்கள் ஏறத்தாழ கி.மு. 1500 முதல் 1000 வரையிலான காலப்பகுதியில் தோன்றி முறைப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவற்றின் வழி வேள்விமுறை கூறும் பிராமணங்களும், அதன்பின் பிருகதாரணியகம், சாந்தோக்கியம் முதலிய பழைய உபநிடதங்களும் எழுந்தன. ஆகமநெறியும் பத்திநெறியும் இவ்வடிப்படையோடு இயைந்து வளர்ந்தன.

புத்த நெறிக்கோ நிறுவுநர் உளர். சாக்கியர் குலத்துச் சித்தார்த்த கௌதமர் உலும்பினியிற் பிறந்து, கயையை அடுத்த அரசமரத்தடியில் மெய்யுணர்வு பெற்று, காசிக்கு அணித்தாகிய சாரநாத்தில் முதன்முறை அறமுரைத்துக் குசிநகரில் மறைந்தனர் என்பது யாவரும் உடன்படுவது. உலும்பினிக்குத் தான் முடிசூடிய 20ஆம் ஆண்டில் வந்து வழிபட்டதாக அசோக மன்னன் பொறித்த தூண் 1896இல் அறியப்பட்டமையின், பிறந்தவிடம் குறித்த மரபின் தொன்மைக்குக் கல்வெட்டுச் சான்றும் கிடைத்தது. மறைந்த ஆண்டு குறித்து மட்டும் கருத்து வேறுபாடுண்டு. இலங்கை மரபு கி.மு. 544 என்னும், ஆராய்ச்சியாளருட் சிலர் கி.மு. 483ஐ ஒட்டியும், வேறு சிலர் அதனினும் பிற்பட்டு கி.மு. 400ஐ ஒட்டியும் கொள்வர். எவ்வாறாயினும், பழைய உபநிடதங்கள் சில புத்தருக்கு முற்பட்டன என்பதிற் பெரும்பாலார் ஒன்றுபடுவர். அவை எழுப்பிய வினாக்கள் உலவிய சூழலிலேயே புத்தர் தோன்றினார் என்க.

பொதுவாய பொருள்

நான்கனுள் வினையும் பயனும் இருநெறிக்கும் பொது. ஆயின் இப்பொதுமை தொடக்கமுதற்கொண்டே வைதிக நெறியில் வெளிப்படையாய் நின்றதென்று கருதுதல் பொருந்தாது. பிருகதாரணியகத்துள் ஆர்த்தபாகர் என்பார் யாஞ்ஞவற்கியரை நோக்கி, இறந்தானுடைய பொறிபுலன்கள் அவ்வவற்றின் முதற்பொருளிற் சென்றொடுங்கியபின் அவன் எங்குளான் என வினவுகின்றனர். அதற்கு யாஞ்ஞவற்கியர் அவைக்கண் விடைகூறாது, அவர் கையைப் பற்றித் தனியிடத்திற்கு அழைத்துச் சென்று உரையாடினர் என்றும், அவர்கள் பேசியது வினையைப் பற்றியே என்றும் அவ்வுபநிடதம் கூறும். சாந்தோக்கியத்துள், பிறவிச் சுழற்சியை விளக்கும் ஐந்தீ வித்தையைச் சுவேதகேதுவின் தந்தைக்குப் பாஞ்சால மன்னன் பிரவாகண சைவலி உரைத்தான் என்றும், அதற்குமுன் அவ்வித்தை அந்தணரிடம் சென்றதில்லை என்று அவனே கூறினான் என்றும் காணப்படும். ஆகவே வினைக்கொள்கை, வேள்விக்களத்து அவையில் யாவரும் அறிய முழங்கிய பழங்கொள்கையாயன்றி, மறைபொருளாய்த் தோன்றி வளர்ந்தமை அந்நூல்களாலேயே பெறப்படும்.

புத்தர் இதனை ஏற்றதோடு அமையாது ஒரு திருத்தமுஞ் செய்தனர். வினையாவது சேதனையே, அஃதாவது உள்ளத்து எழும் எண்ணமே, எண்ணியபின்னரே மெய்யாலும் மொழியாலும் மனத்தாலும் செயல் நிகழும் என்பது அவர் அறிவுறுத்தியது. வேள்விச் செயலின் முறைபிறழாமையில் நின்ற சிறப்பு அகத்தூய்மைக்கு மாறிற்று. துன்பம், துன்பத்தின் தோற்றம், துன்ப நீக்கம், நீக்கும் நெறி என்னும் வாய்மை நான்கும், நற்காட்சி முதல் நல்லொருக்கம் ஈறாகிய எண்வகை நெறியும் இவ்வகத்தூய்மையையே அடிப்படையாக உடையன. இம்மட்டில் இருநெறிக்கும் பகையில்லை. உள்ளத்தைத் திருத்தாத செயல் வீடு தாராதென்பது உபநிடத ஆசிரியர்க்கும் உடன்பாடே.

அநான்மம்

பிரிவு தொடங்குவது வினைமுதலினிடத்து. சாரநாத்தில் ஐந்து துறவியர்க்குப் புத்தர் உரைத்த இரண்டாம் பேருரை அனத்தலக்கணம் எனப்படும். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் கந்தம் ஐந்தனுள் ஒவ்வொன்றையும் எடுத்து, இஃது ஆன்மாவாயின் துன்பத்திற்கு இடமாகாது, இஃது இன்னவாறு ஆகுக என ஏவ ஏவியவாறே ஆதல் வேண்டும், அவ்வாறு ஆகாமையின் இஃது ஆன்மாவன்று என்பது அதன் வாதமுறை. நிலையாததும் துன்பமாயதும் மாறுந்தன்மையதுமாகிய ஒன்றை இது எனது, இது யான், இஃது என் ஆன்மா எனக் கொள்ளல் தகாதென்பது முடிபு.

இவ்வாதத்தின் அளவினை நோக்குக. ஐந்தனுள் எதுவும் ஆன்மாவன்று என்பதே நேரே கூறப்பட்டது. ஐந்திற்கு அப்பால் ஒன்று உண்டென்றாதல் இல்லையென்றாதல் அப்பேருரை சொல்லிற்றில்லை. வச்சகோத்தன் என்னும் துறவி வந்து, ஆன்மா உண்டோ எனவும், இல்லையோ எனவும் வினவியபொழுது புத்தர் இருவினாவிற்கும் விடைகூறாதிருந்தனர் என்று சம்யுத்த நிகாயம் கூறும். பின் ஆனந்தருக்குக் காரணம் விளக்குங்கால், உண்டென்றிருப்பின் அது நித்தவாதிகளோடு சேர்தலாம், இல்லையென்றிருப்பின் அழிவுவாதிகளோடு சேர்தலாம், முன்னரே மயங்கியிருந்த வச்சகோத்தன் பின்னும் மயங்குவான் என்றனர்.

இவ்வமைதியைப் பற்றிக்கொண்டே முதற்கொள்கையினர் தம் கருத்தை நாட்டுவர். மூத்த வயதில் எழுதிய நூல்களில் ரைஸ் டேவிட்ஸ் அம்மையாரும், 1943இல் வெளிவந்த இந்து சமயமும் புத்த சமயமும் என்னும் நூலில் ஆனந்த குமாரசாமியும் இத்தகைய கருத்தினர். யாஞ்ஞவற்கியர் இதுவன்று, இதுவன்று என்று விலக்கிச் சென்றது போலவே புத்தரும் கந்தங்களை விலக்கிச் சென்றார், விலக்கியபின் எஞ்சுவதை இருவரும் ஒப்பினர் என்பது அவர் துணிபு. விலக்கும் முறையின் ஒற்றுமை மெய்யே. எஞ்சுவதைப் பற்றிய ஒற்றுமைதான் மெய்ப்பிக்கப்படவில்லை. யாஞ்ஞவற்கியர் மைத்திரேயிக்கு உரைக்கையில், அறிவோனை எதனால் அறிவதென வினவி, அறியப்படாத அறிவோன் ஒருவனை நிலைநாட்டுகின்றனர். புத்தரோ, சாதி என்னும் துறவி ஒருவர், பிறவிதோறும் அந்த விஞ்ஞானமே மாறாது ஓடிச் செல்கின்றது என்று கூறியபொழுது அவரைக் கடிந்தனர் என்று மச்சிம நிகாயம் கூறும். விறகைப் பற்றிய தீ விறகுத்தீ எனவும், புல்லைப் பற்றிய தீ புற்றீ எனவும் பெயர்பெறுதல் போல, கண்ணையும் உருவையும் சார்ந்தெழும் விஞ்ஞானம் கண்விஞ்ஞானம் எனப் பெயர்பெறும், சார்பின்றி விஞ்ஞானம் தோன்றாது என்பது அவ்விடத்து விளக்கம். சார்பின்றி நிற்கும் அறிவோனுக்கு இவ்விளக்கத்துள் இடமில்லை. ஆகலின் முதற்கொள்கை மூலநூலோடு முரணும்.

இரண்டாங்கொள்கையும் அவ்வாறே முரணும். அழிவுவாதத்தைப் புத்தர் நித்தவாதத்தோடு ஒப்ப விலக்கினமை மேலே காட்டப்பட்டது. வினையின் பயன் மறுமையில் வாராதென்பார் கொள்கையைப் பாலி நூல்கள் தீக்காட்சி என்றே பழிக்கும். வீடு குறித்தும், பிறவாதது, தோன்றாதது, ஆக்கப்படாதது ஒன்று உண்டென்றும், அஃதில்லையாயின் பிறந்ததற்கு நீக்கமே இல்லையாகுமென்றும் உதானம் என்னும் நூல் கூறும். இங்ஙனங் கூறும் நெறியை உலகாயதத்தோடு ஒருங்கு வைத்தல் நடுவுநிலையாகாது.

தமிழ்ப் புத்தர் கூறுமாறு

தமிழ்நாட்டுப் புத்தர் இதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு மணிமேகலையே சான்று. 1898இல் சாமிநாதையரவர்கள் பதிப்பித்ததனால் உலகறிய வந்த அந்நூலின் இறுதிக் காதையில், அறவணவடிகள் பன்னிரு நிதானங்களையும் நால்வகை வாய்மைகளையும் விரித்துரைக்கின்றார். அவ்விடத்து வினாக்களுக்கு விடையிறுக்கும் வகை நான்கு கூறப்படும்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. இறந்தவன் பிறப்பானோ என வினவினார்க்குப் பற்றற்று இறந்தானோ பற்றோடு இறந்தானோ எனப் பிரித்து விடைகூறுதல் கூறிட்டு மொழிதலாம். வான்மலர் பழையதோ புதியதோ என்பார்க்கு விடை கூறாதிருத்தல் வாய்வாளாமையாம். வச்சகோத்தன் வினாவிற்குப் புத்தர் விடைகூறாமை எத்தகையது என்பதனைத் தமிழ்ப் புத்தர் ஒரு விதியாகவே வகுத்துக் கொண்டமை இதனாற் புலனாகும். எடுத்துக்காட்டு வான்மலராதலின், வாய்வாளாமை அவர்க்கு மறைபொருளைக் காத்தலன்று, இல்பொருள்மேல் எழுந்த வினாவை விலக்குதலே என்பதும் போதரும். முதற்கொள்கையினர் இதனைக் கருதற்பாலர்.

அக்காதையே வழக்கின் வகைகளுள் தொடர்ச்சி என ஒன்றனைக் கூறி, வித்து, முளை, தாள் என்று மாறி நிகழ்வனவற்றை நெல் என்னும் ஒரு பெயரால் வழங்குதலை அதற்கு எடுத்துக்காட்டாகத் தரும். மகனைப் பிள்ளையென்றும் காளையென்றும் மூத்தோனென்றும் வழங்கினும் அவன் ஒருவனே என்பது உலகியல். நெல் என்னும் பெயரன்றி வித்திலும் முளையிலும் தாளிலும் மாறாது நிற்பதொன்று இல்லையாயினும், பெயர் ஒன்றாதற்கு இழுக்கில்லை என்பது புத்தர் கருத்து. கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கு நாகசேனர் தேரினை எடுத்துக்காட்டி, அச்சும் உருளையும் ஏர்க்காலும் தனித்தனி தேரல்ல, தொகுதிக்கே தேரெனப் பெயர் என்றதும், ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கு ஏற்றப்படுங்கால் தீ கடந்து செல்லாமை போல உயிரொன்று கடந்து செல்லாமலே மறுபிறப்பு நிகழும் என்றதும் இக்கருத்தினவே. வினையும் பயனும் உள, அவற்றை இணைக்கும் தொடர்ச்சியும் உண்டு, தொடர்ச்சியை உடையான் ஒருவன் இலன் என்பது தெளிவாகப் பெறப்பட்டது. சாக்கிய நாயனார் குறைவெனக் கண்டது இவ்விடத்தையே.

பரபக்கத்தின் திறம்

13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், பரபக்கத்து 301 செய்யுட்களில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்கின்றனர். அவற்றுள் நான்கு, சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம் என்னும் புத்த மதங்களாம். ஒவ்வொன்றிற்கும் முதலில் மதமும் பின்னர் மறுதலையும் கூறப்படும். எதிரி கூறுவதை அவன் வாயிலாகவே கூறவைத்துப் பின் மறுத்தல் இம்முறையின் நோக்கம். எதிரி ஒப்பாத கொள்கையை அவன்மேல் ஏற்றி மறுத்தல் நிழலோடு பொருதலேயாம். மதப்பகுதி செவ்விதாயினன்றி மறுதலை பயனின்று.

சௌத்திராந்திகப் பகுதி இவ்வகையில் நிறைவுடையது. காண்டல், கருதல் என்னும் அளவை இரண்டே கொள்ளுதலும், பொருள்கள் கணந்தோறும் தோன்றிக் கெடுதலும், உரு, அருவம், வீடு, வழக்கு என்னும் நான்கும் இவ்விரண்டாய் எட்டாதலும் அவர் கொள்கையாக எடுத்துரைக்கப்படும். வழக்கினை உள்வழக்கு, இல்வழக்கு எனப் பகுத்தலும், வீட்டினைக் குற்றவீடு, கந்தவீடு எனப் பகுத்தலும் ஆசிரியர் புத்தநூற் குறியீடுகளை நன்கறிந்தவர் என்பதற்குச் சான்று. உள்வழக்கு, இல்வழக்கு என்பன மணிமேகலையினும் வருதலின், தமிழ்ப் புத்தரிடை வழங்கிய குறியீட்டு மரபு அவர்க்குக் கிடைத்திருந்தமை ஊகிக்கப்படும்.

மறுதலையின் உயிர்நிலை இரண்டு. கந்தங்கள் கெடுதலே வீடாயின் அவ்வீட்டினைப் பெறுவான் யாவன் என்பது ஒன்று. அறிவு கணந்தோறும் அழியுமாயின் அறிந்ததனைக் கொண்டு மேலும் அறிவான் யாவன் என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னையது சௌத்திராந்திகர்க்கு முற்றும் பொருந்தும். அவர் வீட்டினை ஓர் உள்பொருளாகக் கொள்ளாது இன்மை மாத்திரையாகவே கொண்டனர். ஆயின் வைபாடிகர் வீட்டினை ஆக்கப்படாத உள்பொருள்களுள் ஒன்றாக எண்ணினர். ஆகவே சௌத்திராந்திகர்க்குக் கூறிய மறுதலையைப் புத்தர் யாவர்க்கும் ஒருங்கே ஏற்றி, வீடு பாழ் என்பதே புத்தர் கொள்கை எனப் படிப்போர் கொள்வாராயின், அது நால்வரை நால்வராகவே பிரித்து ஓதிய ஆசிரியர் கருத்தோடும் மாறுபடுவதாம்.

மாத்தியமிகப் பகுதியைப் பற்றி ஒன்று கூறற்பாலது. அது சுருங்கியது, மாத்தியமிகன் எப்பொருளும் இல்லையென்பான் ஒருவனாகவே அங்குத் தோன்றுகின்றான். நாகார்ச்சுனர் நூலை நோக்குவார்க்கு, சார்பிற்றோற்றமே சூனியமெனப்படுவது என்பதும், சூனியத்தையே ஒரு கொள்கையாகப் பற்றினார் திருத்தப்படாதவர் என்பதும் விளங்கும். தமக்கென ஓரியல்பு இல்லாமை வேறு, முழுதும் இல்லாமை வேறு. இவ்வேறுபாடு அப்பகுதியில் இடம்பெறாமையின், மறுதலையும் நாகார்ச்சுனரை முற்றும் சென்றடையவில்லை. இதனை ஒப்புக்கொள்ளுதலால் சித்தாந்தத்திற்கு இழுக்கொன்றுமில்லை. இனி இந்நூலைப் பயில்வார் நாகார்ச்சுனர் நூலையும் உடன்வைத்துப் பயிறல் வேண்டும் என்பதே போதரும்.

வினைமுதல்

சித்தாந்தத்தின் வலிய வாதம் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உளது. உயிரில்லை என்று கூறுவது எதுவோ அதுவே உயிர் என்பது அச்சூத்திரம் காட்டும் ஏதுக்களுள் முதலாவது. இதற்குப் புத்தர், இல்லை என்பதும் கணத்தில் எழும் ஓர் எண்ணமே, அதற்கு உடையான் ஒருவன் வேண்டா என விடையிறுப்பர். அற்றன்று, ஆன்மா இல்லை என்னுந் தொடர் முடிதற்குள் கணங்கள் பல கழியும். ஆன்மா என்னும் எழுவாயை உணர்ந்த உணர்வு கெட்டபின்னரே இல்லை என்னும் பயனிலையை உணரும் உணர்வு தோன்றும். இரண்டனையும் கூட்டி ஒரு கருத்தாக உணர்வது முன்னையதன்று, அது கெட்டது. பின்னையதன்று, அது முன்னதைக் கண்டதில்லை. ஆகவே இல்லை என்னும் மறுப்பே இரு கணத்தும் நிற்கும் ஒருவனை வேண்டி நிற்கும்.

அற்றேல், முன்னுணர்வு கெடும்பொழுது தன் வாசனையைப் பின்னுணர்வில் இட்டுச் செல்லும், வித்தின் தன்மை முளையிற் சேறல் போல என்பர் புத்தர். இவ்விடை எளிதாகத் தள்ளற்பாலதன்று. வாசனை என்பது ஒரு பதிவு. பதிவு இருத்தல் வேறு, அதனைப் பதிவென உணர்தல் வேறு. ஏட்டில் எழுத்து நிற்கும், ஏடு அதனைப் படிப்பதில்லை. நேற்றுக் கண்டதை இன்று நினைப்பான், கண்டேன் என்று நினைக்கின்றானேயன்றி, கண்டதொன்றன் பதிவு என்பால் உளது என்று நினைக்கின்றானல்லன். நெல்லென்னும் எடுத்துக்காட்டும் இவ்விடத்துக் குறைபடும். வித்து, முளை, தாள் என்னும் மூன்றனையும் நெல்லென ஒருபெயரிட்டு வழங்குவான் உழவன். நெல் தன்னைத் தானே நெல்லென வழங்குவதில்லை. தேரினைத் தேரென்பான் தேரின் வேறாய் நிற்கின்றான். ஐந்து கந்தத் தொடர்ச்சியை யான் என ஒருபெயரிட்டு வழங்குவதோ, அத்தொடர்ச்சிக்குப் புறத்தே நிற்கும் ஒருவனன்று. புறத்தே ஒருவன் வேண்டா எனின், தொடர்ச்சியினகத்தே அதனை உணர்ந்து நிற்பதொன்று வேண்டும் என்க.

இக்குறை புத்தராலும் உணரப்பட்டது என்பதற்கு அவர் வரலாறே சான்று. வாத்சிபுத்திரீயரும் அவர்வழித் தோன்றிய சம்மிதீயரும், கந்தங்களோடு ஒன்றுமாகாது வேறுமாகாது நிற்கும் புற்கலன் ஒருவனைக் கொண்டனர். இவரை மறுப்பதே கதாவத்து என்னும் நூலின் முதல் வாதம். வசுபந்துவும் அபிதர்மகோசத்தின் இறுதியில் இவரை மறுத்தற்கென்றே தனிப்பகுதி வகுத்தனர். எனினும் 7ஆம் நூற்றாண்டில் இந்நாடு போந்த சீனத்துறவி யுவான் சுவாங், சம்மிதீயரைப் பெருந்தொகையினராகக் கண்டு குறித்தனர். யோகாசாரரும் வித்துக்களைத் தாங்கி நிற்கும் ஆலய விஞ்ஞானத்தைக் கொண்டனர். பெயர் யாதாயினும், வினையைத் தாங்கிப் பயனை நுகரும் ஒன்று வேண்டப்பட்டமை இவற்றாற் பெறப்படும். மறுத்தார் மறுத்தும், அவ்விடத்து வினா ஒழிந்ததில்லை.

இனிச் சித்தாந்தம் கொள்ளும் உயிர், புத்தர் விலக்கிய ஆன்மாவோ என்பதும் நோக்கற்பாலது. ஏவியவாறே ஆகாமையின் ஆன்மாவன்று என்று புத்தர் வாதித்ததனால், அவர் கருதிய ஆன்மா தற்சுதந்திரமுடையது, பிறிதொன்றைச் சாராதது என்பது போதரும். சித்தாந்தத்து உயிரோ சார்ந்ததன் வண்ணமாவது. கருவிகள் கூடாத கேவலத்தில் ஒன்றையும் அறியாது கிடப்பது. தானே பிரமமாதல் இல்லாதது. கண்ணும் உருவும் ஒளியும் கூடியவழியே காட்சி நிகழும் என்பது புத்தர்க்கும் சைவர்க்கும் ஒத்த முடிபு. இருளிற் காட்சி இன்மை கண்டு கண்ணும் இல்லை என்றல் புத்தர் துணிபு. காட்சியின்மை கண்ணின்மை ஆகாது, ஒளி வருங்கால் காண்பது அக்கண்ணே என்றல் சைவர் துணிபு. சார்பின்றி அறிவு நிகழாது என்னும் புத்தர் கூற்று ஏற்கப்படும். ஆகலின் சார்வான் இல்லை என்னும் முடிபு அதனினின்று பெறப்படாது.

பயனைக் கூட்டும் தலைவன்

நான்காவதாகிய இறையைப் புத்தர் கொள்ளாமை யாவரும் அறிந்தது. ஆயின் இதனையே கொண்டு வைதிகம் அவைதிகம் எனப் பிரித்தல் இயலாது. வேதத்தை உயிரினும் பேணும் மீமாஞ்சகரும், வினையே அபூர்வம் என்னும் ஆற்றலாய் நின்று பயன்தரும், அதற்குக் கருத்தா வேண்டா என்பர். நிரீச்சுர சாங்கியரும் தலைவனைக் கொள்ளார். பரபக்கம் பட்டாசாரியனையும் பிரபாகரனையும் நிரீச்சுர சாங்கியனையும் புத்தரோடு ஒரு வரிசையில் நிறுத்தி மறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். வினை அறிவில்லது, எவ்வுயிர்க்கு எக்காலத்து எவ்வுடம்பொடு எப்பயன் கூட்டவேண்டும் என அது தானே அறியமாட்டாது, அறிவில்லது அறிவுடையான் ஏவுதலின்றி முறைபிறழாது தொழிற்படல் யாண்டும் காணப்பட்டதில்லை. இவ்வாதம் புத்தர்க்கும் மீமாஞ்சகர்க்கும் ஒப்பச் செல்லும். ஆகவே வேதவழி வந்தோர் யாவரும் இறைவனைக் கொண்டனர் என்றும், புத்தர் ஒருவரே விலக்கினர் என்றும் கூறுதல் வரலாற்றோடு பொருந்தாது. வைதிகர் பெரும்பாலாரையும் புத்தரினின்று பிரிப்பது நிலைத்த வினைமுதலைக் கொள்ளுதலே. சைவரை இவ்விருசாராரினின்றும் பிரிப்பது வினைமுதலோடு பயன்கூட்டும் தலைவனையும் கொள்ளுதல்.

முடிபு

மேற்கூறியவாற்றால், வினையும் பயனும் இருநெறிக்கும் பொதுவென்பதும், வினைமுதலினிடத்து உபநிடத நெறியும் புத்த நெறியும் பிரியுமென்பதும், தலைவனிடத்து வைதிகரும் தம்முட் பிரிவர் என்பதும் பெறப்பட்டன. இருநெறியும் ஒன்றென்பார் வினைமுதல் குறித்த பிரிவைக் காணார். புத்தநெறி பாழென்பார் வினையும் பயனும் குறித்த பொதுமையைக் காணார். பரபக்கம் இவ்விருசாரார் பிழையும் செய்யாது, சௌத்திராந்திகனை அவன் குறியீட்டாலேயே பேசவைத்துப் பின் வினவுகின்றது. மாத்தியமிகப் பகுதியின் சுருக்கம் பயில்வாரால் நிரப்பற்பாலது.

சாக்கிய நாயனார் மெய்ந்நெறி இதுவெனத் துணிந்தபின்னரும் தாம் பூண்ட புத்தத் துறவுக் கோலத்தைத் துறந்திலர் என்பது புராணம். எந்நிலையில் நின்றாலும் எவ்வேடம் பூண்டாலும் சிவன் தாளை மறவாமையே மெய்ப்பொருள் என அவர் கொண்டனர். புத்த நூல்களைக் கற்றே அவற்றின் குறையைக் கண்டாரொருவர் அறுபத்துமூவருள் ஒருவராய்த் திருக்கோயில்களில் எழுந்தருளியிருத்தலை நினைவார்க்கு, பிறர்நூலைப் பிறர் கண்கொண்டு கற்றபின்னரே மறுத்தல் வேண்டும் என்பது சைவமரபிற்குப் புறம்பாகிய ஒரு புதுமையன்று என்பது இனிது விளங்கும்.